காருக்கு வீட்டு வைஃபை: சேலத்து ஷெட்டிலும் ஏற்காட்டுத் தோட்டத்திலும்

கேள்வியின் சாரம் இது. அஸ்தம்பட்டியில் வீடு. ரவுட்டர் முதல் மாடி ஹாலில் இருக்கிறது. மின்சாரக் கார் நிற்பது வாசலை ஒட்டிய ஷட்டர் போட்ட ஷெட்டில். காரின் திரையில் வீட்டு வைஃபையின் பெயர் தெரிகிறது. பாஸ்வேர்டு போட்டால் ஒரு நாள் இணைகிறது, மறுநாள் இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட் முப்பது சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஏற்காட்டில் பெற்றோர் வீட்டில் வண்டியை நிறுத்தினாலோ போன் ஆப்பில் வண்டியே தெரிவதில்லை. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதா, வண்டியைச் சர்வீஸில் விடுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பெயர் தெரிந்து, ஒரு நாளாவது இணைந்திருக்கிறது என்றால் வண்டியின் வைஃபை வேலை செய்கிறது என்று பொருள். குறை இருப்பது ரவுட்டருக்கும் காருக்கும் நடுவில் உள்ள சில மீட்டரில். அல்லது ரவுட்டரின் செட்டிங்கில். ஏற்காட்டுப் பிரச்சினை இதிலிருந்து வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் தேவையில்லாத பொருளை வாங்கி அடுக்க வேண்டியதாகிவிடும்.

இப்போது வரும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் இரண்டு தனித்தனி இணைப்புகள் உண்டு. ஒன்று, வண்டிக்குள்ளேயே பதித்து வரும் இ-சிம். நீங்கள் போனில் ஏசியைப் போடச் சொன்னால் அந்தக் கட்டளை கார் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து மொபைல் டவர் வழியாக இந்த இ-சிம்முக்கு வருகிறது. சார்ஜ் எத்தனை சதவீதம், கதவு பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் இதே வழியில்தான் திரும்பி வரும். இரண்டாவது, காரின் திரைக்குப் பின்னால் உள்ள வைஃபை. பெரிய அப்டேட், மேப், பாட்டு, வீடியோ ஆப்கள் இதைப் பயன்படுத்தும். வைஃபை இருந்தால் ஆப் கட்டளையையும் அதன் வழியே வாங்கிக்கொள்ளும் கார்களும் உண்டு. இ-சிம் இல்லாவிட்டால் வைஃபை இருந்தும் ஆப்பில் மௌனமாகிவிடும் கார்களும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க எளிய வழி: நல்ல வைஃபை உள்ள, டவர் எட்டாத நிலத்தடி பார்க்கிங் ஒன்றில் நிறுத்திவிட்டு ஆப்பில் ஒரு கட்டளை கொடுத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறுவதற்கு இந்த இரண்டுமே தேவையில்லை. நெட் இல்லாததால் சார்ஜ் நின்றது என்று யாராவது சொன்னால், சார்ஜரில் நேரம் குறித்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

முதல் வேலை அளப்பது. ஹாலில் நின்று போனில் கோடு எத்தனை என்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காரை வழக்கமாக நிற்கும் இடத்தில், வழக்கமான பக்கம் பார்த்து நிறுத்துங்கள். உள்ளே உட்கார்ந்து, நான்கு கதவையும் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, ஷட்டரையும் இறக்கிவிட்டு, போனைத் திரையின் அருகே டாஷ்போர்டில் வைத்துப் பாருங்கள். மைனஸ் 60-க்குள் இருந்தால் கவலையே இல்லை. மைனஸ் 67 வரை வேலை நடக்கும். மைனஸ் 75 என்றால் பெயர் தெரியும், இணையும், பிறகு அறுந்துபோகும்; நீங்கள் சொல்லும் அறிகுறி இதேதான். மைனஸ் 80-க்குக் கீழே போனால் மறந்துவிடுங்கள். இந்த எண்கள் டெசிபல் கணக்கு. பத்து எண் இறங்கினால் வந்துசேரும் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். 65-க்கும் 75-க்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது.

கார் ஒரு இரும்புப் பெட்டி. வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் சன்னல் வழியாக வரும் சிக்னலும் குறையும். வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் டாஷ்போர்டு பக்கம் இருப்பதால், வண்டியின் மூக்கு ரவுட்டர் பக்கம் இருக்கிறதா, பின்புறம் இருக்கிறதா என்பது கூடக் கணக்கில் வரும். ரிவர்ஸில் விட்டு நிறுத்துபவர்கள் ஒரு தடவை நேராக விட்டுப் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் ஷெட்டுக்குள் அங்கங்கே இருக்கும். வண்டியை ஒரு அடி முன்னால் தள்ளி நிறுத்தினாலே எண் மாறுவது இதனால்தான். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளந்த எண் மைனஸ் 67-ஐ விட நன்றாக இருந்தும் இணைய மறுத்தால் குறை ரவுட்டர் செட்டிங்கில். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் செட்டிங் பக்கத்தின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1, லாகின் பெயரோடு இருக்கும். உள்ளே போய் முதலில் பார்க்க வேண்டியது, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் போட்டிருக்கிறதா என்பது. இப்போதைய பெட்டிகள் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து, எதில் இணைவது என்று தாங்களே முடிவு செய்கின்றன. போனுக்கு அது சரி. கார் திரைக்கு அது தலைவலி: 5-இல் இணைத்துவிடும், ஷட்டருக்கு இந்தப் பக்கம் 5 எட்டாது, அறுந்துவிடும், திரும்ப அதையே பிடிக்கப் போகும். சேர்ப்பை அணைத்துவிட்டு 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். மேற்கோள் குறி, இடைவெளி, பொம்மைக் குறி எதுவும் வேண்டாம். ரவுட்டரில் "5ஜி" என்று முடியும் பெயரைப் பார்த்து மொபைல் 5ஜி என்று எண்ணி அதையே காரில் போடுபவர்கள் நிறைய. அது 5 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். சுவரைத் தாண்டுவதில் அது 2.4-ஐ விடப் பலவீனம்.

அடுத்து பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். அதை மட்டும் என்று ரவுட்டரில் வைத்திருந்தால், பழைய வைஃபை சிப் உள்ள கார் திரை பாஸ்வேர்டு தவறு என்றே சொல்லும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். 2-ம் 3-ம் கலந்த முறையிலும் தடுமாறும் வண்டிகள் உண்டு. காருக்கு என்று தனியாக வைக்கும் 2.4 பெயருக்கு மட்டும் 2-ஐக் கொடுத்துவிட்டால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிறுத்துங்கள். இந்தியாவில் 13 வரை உண்டு. ஆனால் 12, 13-ஐப் பார்க்கவே பார்க்காத கார் திரைகள் உள்ளன. ரவுட்டர் ராத்திரி தானாக 13-க்குத் தாவினால் காலையில் காருக்கு வைஃபை "காணாமல்" போய்விடும். சேனல் அகலம் 20 போதும். அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் 40 வைத்தால் பக்கத்து வீட்டு வைஃபையோடு முட்டிக்கொண்டே இருக்கும். 5-ஐத்தான் பயன்படுத்துவேன் என்றால் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வையுங்கள். நடுவில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரவுட்டர் அங்கிருந்து சொல்லாமல் நகர்ந்துவிடும்.

இணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று காட்டுகிறதா? காரின் கடிகாரத்தையும் தேதியையும் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தேதி பல வருஷம் பின்னால் போய்விடுவது உண்டு. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்று வண்டி நினைத்து, தொடர்பையே மறுத்துவிடும். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து வானம் தெரியும் இடத்தில் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் ஜிபிஎஸ் நேரத்தைச் சரிசெய்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, சாதன அனுமதிப் பட்டியல் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) சில நேரம் கார் கம்பெனியின் சர்வரையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

போன் ஆப்களைக் கார் திரையில் காட்டும் வயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே பற்றி ஒன்று. அப்போது கார் திரையே ஒரு வைஃபை நிலையமாக மாறிப் போனை இழுத்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் நிலையமாகவும் இருந்து வீட்டு வைஃபையிலும் இணைய முடியாத திரைகள் பல. வீட்டுக்கு வந்ததும் கார் வைஃபையில் சேரவில்லை என்றால், போனின் புளூடூத்தை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். சேர்ந்துவிட்டால் குறை அதுதான்.

இனி உங்கள் ஷெட். மாடியில் ரவுட்டர், நடுவில் கான்கிரீட் தளம், பிறகு ஒரு செங்கல் சுவர், பிறகு இரும்பு ஷட்டர். செங்கல் சுவரைத் தாண்டிவிடலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டும் இரும்பு ஷட்டரும்தான் எதிரி. இங்கே ரிப்பீட்டரை ஷெட்டுக்குள் செருகுவார்கள், அது வீண். சிக்னல் செத்த இடத்தில் வைத்த ரிப்பீட்டர் செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். வைத்தால் நடுவழியில், மைனஸ் 60 கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் செட் வைத்திருப்பவர்களுக்கும் இதே இட விதிதான். மின் வயர் வழியாக நெட் அனுப்பும் அடாப்டர் சேலத்து வீடுகளில் நம்பத் தகுந்தது அல்ல: மூன்று பேஸ் இணைப்பில் ஹால் ஒரு பேஸிலும் ஷெட் வேறு பேஸிலும் இருக்கும். பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பிய அன்று வேலை செய்யும், மறுநாள் நின்றுவிடும்.

நான் சொல்வது ஒரு கேபிள் இழுங்கள் என்பதுதான். ஒரே நாள் வேலை. பிறகு பத்து வருஷத்துக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. ரவுட்டரிலிருந்து ஷெட் வரை வெளிப்புறத்துக்கான கருப்பு உறை போட்ட கேட்-6 கேபிள். முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது விலை மலிவு; அதில் மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் நீளத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும், வளைவில் முறிந்தும் போகும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் எல்லை. உங்கள் வீட்டில் 25 மீட்டருக்கு மேல் வராது. மின் வயர் போகும் பைப்பிலேயே சேர்த்து இழுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். தனி பிவிசி பைப், மின் பைப்பிலிருந்து ஒரு அடி விலகி. காருக்கான சார்ஜர் லைன் 32 ஆம்பியர் இழுக்கும், அதன் பக்கத்தில் உரசிக்கொண்டு போகக் கூடாது.

சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே பார்த்துச் சற்றுக் கீழ்ச்சாய்வாக டிரில் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் மழைத் தண்ணீர் உள்ளே வராது. கேபிள் துளைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் அளவு கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி நுழையுங்கள். கேபிள் மேல் வழிந்து வரும் துளி அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். மீதி இடைவெளியைச் சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். முனையில் பிளக் அடிக்கும்போது, கொக்கி பின்பக்கமும் தங்க முள் உங்கள் பக்கமும், கேபிள் கீழிருந்து நுழைவதாகவும் பிடித்தால், இடமிருந்து வலம் வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். உறையும் பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும்; வெறும் எட்டு இழை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் ஒன்று விட்டுவிடும். நீலமோ பழுப்போ விட்டால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். காருக்கு அதுவே தாராளம். ஆரஞ்சோ பச்சையோ விட்டால் இணைப்பே போய்விடும்.

ஷெட்டில் என்ன மாட்டுவது என்பதில் அவசரப்படாதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை மாட்டிவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்குள் வைக்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று கம்பெனியே குறிப்பிட்டிருக்கும். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் தகர ஷீட்டுக்கு அடியில் மதியம் அந்த அளவைத் தாண்டிவிடும். பெட்டி சூடேறித் தொங்கிவிடும், மாலையில் தானாக உயிர் வரும். காலையில் வருகிறது, மதியம் வருவதில்லை என்ற புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலே கான்கிரீட் கூரை என்றால் பழைய ரவுட்டர் போதும். தகரம் என்றால் வெளிப்புறத்துக்கான ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வாங்குங்கள். தண்ணீர், தூசிக்கு ஐபி65-க்குக் குறையாமல் இருக்கட்டும். எட்டு அடி உயரத்தில், ஷட்டரின் உள்பக்கம், காரின் கண்ணாடியைப் பார்த்தவாறு. கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஇ வகை என்றால் ஷெட்டில் தனி பிளக் தேவையில்லை. ஆனால் 24 வோல்ட் சாதா வகையையும் 48 வோல்ட் தரவகையையும் கலந்து மாட்டக் கூடாது. பெட்டியோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

பழைய ரவுட்டரை மாட்டுவதானால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் தவறவிடுவது. அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்ற வேண்டும். அந்த மோடு இல்லாத பெட்டி என்றால் அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி வேறாக்கி, சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். வேன் துளையில் அல்ல. இதைச் செய்யாவிட்டால் இரண்டு பெட்டியும் ஒரே 192.168.1.1 என்று உட்கார்ந்துகொண்டு முகவரி பங்கிடும். கார் மட்டுமில்லாமல் வீட்டு டிவியும் சேர்ந்து திணறும்.

கரண்ட் போனால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். அப்டேட் நடுவில் நெட் போனால் வண்டிக்கு ஆபத்தில்லை, டவுன்லோட்தான் நிற்கும். ஆனாலும் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டுவையுங்கள். 8,000 எம்ஏஹெச் பேட்டரி உள்ளது என்றால் சுமார் 30 வாட் மணி நேரம். 12 வாட் இழுத்தாலும் இரண்டு மணி நேரம் ஓடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்குமே யுபிஎஸ் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது.

எல்லாம் சரியான பிறகு அப்டேட்டை இப்படிச் செய்யுங்கள்.

1. காரின் வைஃபை பட்டியலில் பழைய இணைப்பை "மறந்துவிடு" கொடுத்து நீக்கி, புதிய 2.4 பெயரைச் சேருங்கள்.

2. பூட்டிவிட்டுப் போனால் பல கார்கள் சில நிமிடங்களில் தூங்கிவிடும், வைஃபையும் அணைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் டவுன்லோட் முடியும்வரை வண்டி ஆனில் இருக்க வேண்டும். வெறும் ஆக்சஸரியில் விடாமல், பிரேக்கை மிதித்து "ரெடி" வரை கொண்டுபோங்கள். ஆக்சஸரியில் 12 வோல்ட் பேட்டரி மட்டும் கரையும் வண்டிகள் உண்டு. ரெடியில் பெரிய பேட்டரி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். புகை கிடையாது என்பதால் மூடிய ஷெட்டிலும் பயமில்லை. கியர் பி-யில், பார்க்கிங் பிரேக் போட்டு, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ரெடியில் உள்ள வண்டியில் குழந்தைகளைத் தனியே விடக் கூடாது.

3. நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 2 ஜிபி அப்டேட் 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 20 எம்பிபிஎஸ் கிடைத்தால் பதினான்கு நிமிடம்.

4. டவுன்லோட் வேறு, இன்ஸ்டால் வேறு. டவுன்லோட் நடக்கும்போது வண்டியை எடுக்கலாம். இன்ஸ்டால் தொடங்கிவிட்டால் முடியும்வரை வண்டி நகராது. சார்ஜும் நிற்கலாம், டெஸ்லாவில் இன்ஸ்டால் முடிந்ததும் தானாகத் திரும்பத் தொடங்கும். சில வண்டிகளில் நீங்களே திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு, மறுநாள் காலை வரை வண்டி தேவைப்படாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருக்கும்போது இன்ஸ்டாலைத் தொடங்கவே கூடாது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் அணைந்துபோனால் வண்டியை லாரியில் ஏற்றும் நிலை வரும். மூன்று, நான்கு வருஷம் ஆன பேட்டரி என்றால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்.

சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜருக்கும் வைஃபை இருக்கும். அவற்றில் பல 2.4 மட்டுமே அறியும்; போனில் புளூடூத் வழியாக ஒருமுறை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். ஷெட்டில் ஆக்சஸ் பாயின்ட் வந்துவிட்டால் இதுவும் தானாகத் தீர்ந்துவிடும்.

ஏற்காட்டுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் டவர் நிலைமை மாறிவிடுகிறது. சேர்வராயன் மலை மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கும் மலை. ஒரு மேட்டில் நான்கு கோடு வரும், அடுத்த சரிவில் ஒன்றும் வராது. வீடு பள்ளத்தில் இருந்தால் காரின் இ-சிம்முக்கு டவர் தெரியாது. ஆப் கடைசியாகத் தெரிந்த சார்ஜையே காட்டிக்கொண்டிருக்கும். வண்டியில் பழுது இல்லை. மேலே போகும்போது சாவியை, அல்லது சாவி அட்டையை, கையோடு எடுத்துச் செல்லுங்கள். நெட் வழியாக மட்டும் திறக்கும் போன் சாவியை நம்பி லேடிஸ் சீட் காட்சிமுனையில் இறங்கிவிட்டால் திரும்ப ஏற முடியாமல் போகலாம். புளூடூத் சாவி என்றால் நெட் இல்லாமலும் திறக்கும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டால் வைஃபையைக் கார் நிற்கும் இடம் வரை கொண்டுபோவதுதான் வேலை. பழைய தோட்ட பங்களாக்களில் கல் சுவர் ஒன்றரை அடி தடிப்பு இருக்கும். உள்ளே வைத்த ரவுட்டர் முற்றத்துக்கே எட்டாது. கார் நிற்பதோ கேட்டுக்குப் பக்கத்தில், காப்பிச் செடிகளைத் தாண்டி, எழுபது எண்பது மீட்டர் தள்ளி. இங்கே மூடுபனியைக் குறை சொல்வது வழக்கம். பனி வைஃபையை ஒன்றும் செய்வதில்லை. இந்த அலைவரிசைகளில், இவ்வளவு குறைந்த தூரத்தில், அதன் தடை கணக்கிலேயே வராது. தடுப்பது ஈரமான இலை. சில்வர் ஓக்கும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், மழையில் நனைந்து தண்ணீரைச் சுமந்து நிற்கும்போது சிக்னல் அதில் கரைந்துபோகிறது. பனியும் நனைந்த இலையும் ஒரே நாளில் வருவதால் பழி பனி மேல் விழுகிறது. இலைகள் காய்ந்தும் பனி இறங்கியிருக்கும் ஒரு காலையில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நூறு மீட்டருக்குள் என்றால் கேபிள் போதும் என்று தோன்றும். மலையில் நான் தாமிரக் கேபிளைக் கட்டடத்துக்குக் கட்டடம் இழுக்கச் சொல்ல மாட்டேன். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி விழும்போது, நேராக விழ வேண்டியதே இல்லை, பக்கத்து மரத்தில் விழுந்தாலே அந்த நீளத் தாமிரத்தில் மின்சாரம் பாய்ந்து இரு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கருக்கிவிடும். வழி இரண்டு. ஒன்று ஃபைபர்: வீட்டுக்கு நெட் கொண்டுவரும் அதே மெல்லிய கருப்பு டிராப் கேபிள், இரு முனையிலும் ஃபைபரின் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர். கேபிளுக்குப் பலம் தரும் கம்பி எஃகாக இல்லாமல் நார்ப் பிளாஸ்டிக்காக உள்ளதைக் கேளுங்கள். எஃகு என்றால் இடிக்கு அதுவும் ஒரு வழியாகிவிடும். மண்ணில் புதைத்தால் குழாய்க்குள் புதையுங்கள். எலியும் மண்வெட்டியும் ஒன்றுபோல ஆபத்து.

இரண்டாவது, 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு முனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் வயர்லெஸ் பிரிட்ஜ். ஒன்று பங்களா கூரையில், மற்றொன்று கார் ஷெட்டில். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அலை ஒரு கொழுத்த சுருட்டு மாதிரி பரவிப் போகும். 100 மீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 1.1 மீட்டர், 300 மீட்டருக்கு சுமார் 2 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது இலையில்லாமல் இருக்க வேண்டும். நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் சமயத்தில் மாட்டினால் பிரமாதமாக வேலை செய்யும். தளிர் விட்டு மழை பிடித்ததும் படுத்துவிடும். ஆகவே இலை அடர்ந்திருக்கும் மாதத்தில் இடம் பார்த்து, இன்னும் இரண்டு அடி உயர்த்தியே குழாயை நடுங்கள். குழாய்க்கு எர்த் கட்டாயம்.

மேலே வந்ததும் அப்டேட்டை இன்ஸ்டால் செய்யத் தொடங்காதீர்கள். குறிப்பிட்ட அளவு சார்ஜ் இல்லாவிட்டால் வண்டி இன்ஸ்டாலை ஏற்காது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 1,800 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏறத்தாழ 6 யூனிட் கரையும். சாலை உராய்வும் ஏசியும் தனி. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். மேலே 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் அளவுக்கு ஏறும் என்பதால், இரவு முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கும் விடுதிகளின் வைஃபையில் ஓடிபி, அறை எண் கேட்கும் பக்கம் ஒன்று திறக்கும். பெரும்பாலான கார் திரைகளில் அந்தப் பக்கம் திறக்காது. போன் ஹாட்ஸ்பாட்தான் வழி. ஹாட்ஸ்பாட்டை 2.4-க்கு மாற்றுங்கள், ஐபோனில் அதிகபட்ச இணக்கம் என்ற சுவிட்ச் அதுதான். போனின் பெயரில் மேற்கோள் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். கார் இணையும்வரை ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திரையில் திறந்தே வையுங்கள்.

கடைசியாக, காரை வீட்டு வைஃபையின் விருந்தினர் பெயரில், அதாவது கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைப்பது நல்லது. வண்டிக்குத் தேவை இன்டர்நெட் மட்டும். உங்கள் சிசிடிவியும் கம்ப்யூட்டரும் அதன் கண்ணில் படத் தேவையில்லை. கெஸ்ட் பெயருக்கும் பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 இரண்டும் இருக்கட்டும். நேரம் முடிந்தால் தானாக அணையும் வசதியை நீக்கிவிடுங்கள். வண்டியை விற்கும் நாளில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து வைஃபை, போன், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழித்து, ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.